மழை முழுச் சம்பளம், ஆறு கைக்கு வருவது

வரிப்பத்தான்சேனை என்ற ஊரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அம்பாறை மாவட்டத்தில், இறக்காமத்துக்குப் பக்கத்தில் உள்ள முஸ்லிம் ஊர் அது. நெல் விவசாயந்தான் அங்கே பெரிய தொழில். அந்தப் பகுதி வயல்களை நம்பவைப்பது கல்லோயா. பட்டிப்பளை ஆறு என்றும் சொல்வார்கள். அது பதுளைக்குக் கிழக்கே மலைநாட்டில் பிறந்து, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, பிறகு கீழே போகிறது. நாட்டிலேயே பெரிய குளம் அதுதான்.

மழை கொஞ்சம் குறைந்தால் ஆறும் கொஞ்சந்தானே குறையும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. சம்பளச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். சங்கச் சந்தா, முற்பணம், கடைக்கடன் எல்லாம் பிடித்த மிச்சந்தான் கைக்கு வருது. இரண்டு பேர் குறைந்தாலும் கடன் குறையாது. அடி விழுவது கைக்காசில்.

ஆறும் அதே கணக்குத்தான். மழை 100 குடம் என்று வைப்போம். மண்ணும் மரமும் வெயிலும் 65 குடத்தைப் பிடித்துக்கொண்டால் ஆற்றுக்கு 35. மழை 90 ஆகி, சூடு கூடியதால் பிடிப்பு 67 ஆனால், ஆற்றுக்கு 23 தான். மழையில் பத்தில் ஒன்று போனது. ஆற்றில் மூன்றில் ஒன்று போய்விட்டது!

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பாகை சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்கிற அன்று கொட்டித் தீர்க்கிறது. மண் குடிக்க நேரமில்லாமல் தண்ணீர் மேலாக ஓடிவிடும். 2011 ஜனவரியில் அம்பாறையும் மட்டக்களப்பும் வெள்ளத்தில் மிதந்தன. 2016, 2017 இல் கடும் வரட்சி. அங்கே மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவத்தில்தான். அப்போது குளம் நிறையாவிட்டால் சிறுபோகம் ஆட்டங்காணும்.

குளத்துக்கு நீர் வரும் காட்டைக் காக்கவே 1954 இல் கல்லோயா தேசியப் பூங்காவை அமைத்தார்கள். அதற்கும் மேலே, மலையில் இருப்பது நாம். கான் தூர்ந்த மலையில் பெருமழை மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். கொழுந்துக்கும் நட்டம், கீழேயுள்ள குளத்துக்கும் நட்டம். வெற்று நிலத்தில் மானாப்புல் போட்டால் தண்ணீர் நின்று உள்ளே இறங்கும். அப்படி இறங்கிய தண்ணீர்தான் வெயில் காலத்தில் நம் பீலியில் வருது.

லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பீலியில் ஒரு வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி பார்த்து, கொப்பியில் எழுதி வையுங்கள். பக்கத்தில், முந்தின வாரம் மழை பெய்ததா என்றும் எழுதுங்கள்.