அம்மாவை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள்?

வெளிநாட்டு மறைப்பணிக்குப் பெயர் கொடுக்கும் இளங்குருக்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். "கடவுள் பார்த்துக்கொள்வார், பாதர்" என்பார்கள். கடவுள் சரி. கிளினிக்குக் கூட்டிப்போவது யார்? எனக்கு ஆளின் பெயர் வேண்டும்.

நான் மொனராகலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். அமலமரித் தியாகிகள் (அமதிகள்) சபையில் சேர்ந்து, இப்போது பங்களாதேசின் சிலெட் மறைமாவட்டத்தில் தேயிலைத் தோட்டத்து மக்களோடு இருக்கிறேன். இலங்கை அமதிகள் 1971இல் பாகிஸ்தானுக்கும் 1973இல் பங்களாதேசுக்கும் போனார்கள். முன்னே போனவர்களுக்கு வீட்டுச் செய்தி கடிதத்தில் வந்துசேர வேண்டியிருந்தது. எனக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. அதனால் கவலை சீக்கிரம் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இருக்கும் ஸ்ரீமங்கல் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் வெள்ளைக்காரன் காலத்தில் பீகார், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். லயத்து வாழ்க்கையும் அன்றாடக் கூலியும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயங்கள் இல்லை. அங்கே ஒரு பாட்டியின் புண்ணுக்கு மருந்து கட்டும்போது, மொனராகலையில் சீனி வருத்தக்காரியான என் அம்மாவின் காலை யார் பார்க்கிறார்கள் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

இதை "அழைத்தலின் சிலுவை" என்று தியானத்தில் பேசி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாற்கு ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்' என்று கடவுள் பெயரில் எழுதிவைத்துவிட்டுக் கையை விரித்தவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். யோவான் பத்தொன்பதில், சிலுவையில் தொங்கிக்கொண்டே தாயை ஓர் ஆளிடம் ஒப்படைக்கிறார். அந்தச் சீடர் தம் வீட்டில் ஏற்றுக்கொள்கிறார். ஆளும் இருக்கிறது, வீடும் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் அந்தச் சீடர் என் தங்கச்சி. ஊரில் யாரும் அவளுக்கு மாலை போட்டதில்லை. எனக்குப் போட்டார்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவருக்காவது செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில், பேர் இருந்தால்தான் பேச்சு வராது. அவள் விடிய முன்னே மலைக்குப் போய்ப் பால் வெட்டுவதால்தான் அம்மாவுக்குத் தலைக்குமேல் கூரை நிற்கிறது. அம்மாவை மாதக் கிளினிக்குக் கொண்டுபோகிற நாளில் அவளுக்குப் பேர் விழாது; கூலியும் இல்லை. அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம். கூட்டிப்போகிற நாள் இலவசமில்லை.

ஆகவே பணம் பற்றிக் கூச்சப்படாதீர்கள். துறவிக்குச் சொந்த வருமானம் கிடையாது; உழைத்து வருவது சபைக்குச் சேரும் என்று திருச்சபைச் சட்டம் 668 சொல்கிறது. அப்படியானால் சபையிடம்தான் கேட்க வேண்டும். "வீட்டுக்கு ஏதாவது உதவி" என்று இழுத்தால் ஒரு நத்தார்ப் பொதியோடு முடிந்துவிடும். நான் தங்கச்சியின் கிளினிக் நாள் கூலி, முச்சக்கரவண்டிக் கூலி என்று தனித்தனியாக எழுதி மாகாண முதல்வரிடம் கொடுத்தேன். தொகையைப் பார்த்தால் மேலாளர்களுக்கும் முடிவெடுப்பது சுலபம்.

அடுத்தது காகிதம். தோட்டத்தில் முதுமை என்பது பாதி காகிதம்தான். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பிறப்புச் சான்றிதழே இல்லை. சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். பெயர் பொருந்தாவிட்டால் சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், தொழில் திணைக்களம் என்று அலைச்சல். கூலியை விட்டுவிட்டு அலைய தங்கச்சியால் முடியாது. லீவில் வந்த எனக்கு முடியும். பலகாரம் தின்று வீடு வீடாக ஜெபம் செய்கிற லீவில் சில நாட்களைக் கந்தோர்களுக்கு ஒதுக்குங்கள். ஆள் உயிரோடு இருக்கும்போது திருத்தாத பெயரைப் பிறகு திருத்துவது இன்னும் கஷ்டம்.

மூன்றாவது மொழி. தமிழும் அரச கரும மொழிதான். ஆனால் ராத்திரி வார்ட்டில் பேசுவது சிங்களம். அம்மாவுக்குத் தெரிந்ததோ கடைவீதிச் சிங்களம். நெஞ்செரிவையும் நெஞ்சுவலியையும் அது பிரித்துச் சொல்லாது. அம்மாவின் வருத்தங்கள், குடிக்கிற மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, தங்கச்சியின் தொலைபேசி எண், எல்லாவற்றையும் ஒரே தாளில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, கிளினிக் கொப்பியோடு பொலித்தீன் உறையில் வைத்தேன். பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் தாள் கூடப் போகும். 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதினேன். இலவச சேவைதான் என்றாலும், கூப்பிட்டால் காசு கேட்பார்கள் என்று பயந்து நம் ஆட்கள் கூப்பிடுவதில்லை.

இனி, யாரும் பேச விரும்பாதது. ஸ்ரீமங்கலிலிருந்து டாக்காவுக்கு ரயில், அங்கிருந்து கொழும்புக்கு விமானம், பிறகு மொனராகலைக்கு விமானப் பயணத்தைவிட நீண்ட பஸ் பயணம். 2020 மார்ச்சில் கட்டுநாயக்கா மூடப்பட்டபோது காசும் அனுமதியும் இருந்தவர்களால்கூட வர முடியவில்லை. அம்மாவிடம் நேராகவே பேசினேன். எனக்காகப் பெட்டியை வைத்துக் காத்திருக்க வேண்டாம், பங்குச் சாமியாரைக் கொண்டு அடக்கம் செய்துவிடுங்கள், நான் வந்து முப்பதாம் நாள் பூசை வைக்கிறேன் என்றேன். அம்மா அழவில்லை. "ஒன்னய பாக்க காத்திருந்தது போதும் சாமி, செத்த பொறவு காத்திருக்க மாட்டேன்" என்றார். தங்கச்சிக்கும் அது தெரியும் என்பதால், அன்றைக்கு யாரும் அவளைக் குற்றம் சொல்ல வழியில்லை.

திரும்பி வந்துவிடலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பார்த்துக்கொள்ள யாருமே இல்லையென்றால் வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது. சாமியாருக்கு அதில் விலக்கு இருப்பதாக நான் படித்ததில்லை. திருச்சபைச் சட்டமும் கதவை அடைக்கவில்லை. நியாயமான காரணம் இருந்தால் ஒரு வருடம் வரை சபை இல்லத்துக்கு வெளியே தங்க மேலாளர் அனுமதிக்கலாம் (665). பாரதூரமான காரணம் என்றால் தலைமை முதல்வர் ஐந்து வருடம் வரை கொடுக்கலாம் (686).

அந்த ஒரு வருட அனுமதியைக் கேட்கப் போகிறேன் என்று தங்கச்சியிடம் சொன்னேன். "நீங்க வந்து ஒக்காந்தா எனக்கு இன்னொரு ஆளுக்குச் சோறாக்குற வேலதான் அண்ணே. நான் மடுவுக்குப் போவணும். பத்து நாளு நீங்க பாருங்க" என்றாள். என் லீவு எப்போதும் எனக்குத் தோதான மாதத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. இப்போது ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவை ஒட்டிக் கேட்கிறேன். புறப்படுமுன் அவள் ஒரு கொப்பித் தாளில் வேலைகளை எழுதித் தருவாள்: காலையில் எந்த மாத்திரை, எந்தக் காலைக் கழுவித் துடைக்க வேண்டும், அம்மா எதைச் சாப்பிட்டதாகப் பொய் சொல்வார், கோழியை எத்தனை மணிக்கு அடைக்க வேண்டும்.