பால் உறைக்கும் அமிலமும் நம் குருதியும்

மங்கில் வடிந்த ரப்பர்ப் பால் முன்னதாகவே உறைந்துவிடாதிருக்க அம்மோனியா கலப்பதும், பின்னர் ஆலையில் அதைத் தகடாக்குவதற்குப் பார்மிக் அமிலம் ஊற்றுவதும் தோட்டப்புறத்தார்க்குப் புதியன அல்ல. முன்னது காரம், பின்னது அமிலம். சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த பாக்கார் ஆராங்கில் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. எனினும் பால்மரம் வெட்டியோரைக் கேட்டால், அந்த அமிலத்தின் கடுநெடியை நன்கு எடுத்துரைப்பர்.

நம் குருதியிலும் இவ்விரண்டின் சமநிலை உண்டு. பி.எச். என்னும் அளவையில் அது 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்கவேண்டும். இந்த அளவை ஏமாற்றும் இயல்புடையது. 7.4 என்பது 7.1 ஆக இறங்கினால், சிறிய வேறுபாடுதானே என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அமிலத்தன்மை இரு மடங்காகிவிட்டது என்பதே அதன் பொருள். குருதியிலுள்ள பைகார்பனேட் என்னும் உப்பு அமிலத்தை உடனுக்குடன் தணிக்கிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் எஞ்சிய அமிலத்தைக் கழிக்கிறது. ஆனால் அது மெதுவாகவே வேலை செய்யும்.

இச்சமநிலையைக் குலைப்பவை பல. கடும் வயிற்றுப்போக்கும் கட்டுக்கடங்காத நீரிழிவும் அவற்றுள் அடங்கும். எனினும் நம் மக்களிடையே மிகுந்த உயிர்ச்சேதம் விளைவித்த ஒன்றை இங்கு விளக்க விரும்புகிறோம். அதுவே மெத்தனால் கலந்த சாராயம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மலிவு மதுவை அருந்தி 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மெத்தனால் தன்னளவில் கொடிய நஞ்சன்று. கல்லீரல் அதை மாற்றும்போதுதான் கேடு பிறக்கிறது. அவ்வாறு மாறி உண்டாவது எது தெரியுமா? பாலை உறைய வைக்கும் அதே பார்மிக் அமிலம்! அது குருதியை உறைய வைப்பதில்லை. உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபடி தடுக்கிறது. கண் நரம்பே முதலில் பழுதடைகிறது.

இம்மாற்றத்திற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். இந்த இடைவெளியே மக்களை ஏமாற்றுகிறது. மறுநாள் தோன்றும் தலைவலியையும் வாந்தியையும் "நேற்றுக் குடித்த சம்சுவின் மயக்கம்" என்று கருதிப் படுக்க வைத்துவிடுகின்றனர். மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் வாங்கினால், இளைப்பு என்கின்றனர். அது இளைப்பன்று, அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் நடத்தும் போராட்டம். பார்வை பனிமூட்டம் போல் மங்கினால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

மருத்துவமனையில் பைகார்பனேட்டை நரம்புவழி செலுத்திக் குருதியின் அமிலத்தைத் தணிப்பர். போமிபைசோல் என்னும் மருந்தையோ, அளந்த தூய எத்தனாலையோ கொடுத்து, மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுப்பர். டயாலிசிஸ் இயந்திரத்தால் நஞ்சையும் அமிலத்தையும் பிரித்தெடுப்பர். சாராயத்திற்குச் சாராயமே மருந்தா என்று சிலர் நகைக்கக்கூடும். குருதியைச் சோதித்து மருத்துவர் கொடுக்கும் அளவு வேறு. வீட்டில் மேலும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுப்பது வேறு. மோர், எலுமிச்சைச் சாறு, சோடா உப்பு எவையும் இந்நஞ்சை முறிக்கமாட்டா.

ஆகவே 999ஐ அழையுங்கள்; அல்லது சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். எஞ்சிய போத்தலையும் எடுத்துச்செல்லுங்கள். உடன் குடித்தவர் நலமாகத் தோன்றினாலும் அவரையும் அழைத்துச்செல்லுங்கள். அவருக்குரிய 24 மணி நேரம் இன்னும் முடிந்திராது.