அட்டவணையில் வேண்டும் வரிகளைத் தெரிந்தெடுத்தல்

நெல்லைப் புடைக்குங்கால் பதரைத் தள்ளி மணியைப் பேணுவர். அவ்வாறே, அறிவியல் பயிலும் நாமும் திரண்டு கிடக்கும் எண்களினின்று வேண்டுவனவற்றைப் பிரித்தெடுத்தல் வேண்டும். அங்ஙனம் பிரிக்குமிடத்து நேரும் பிழையொன்றையும், அதனை விலக்கும் நெறியையும் ஈண்டு ஆராயப் புகுவோம்.

குழித்துறை தாமிரபரணியாற்றின் கரையிலுள்ளது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இருபருவ மழையும் பெறுவது. 2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இம்மாவட்டம் பெருமழையாலும் வெள்ளத்தாலும் வருந்தியது. ஆதலின் மழைக்கணக்கையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு நாளைக் குறிக்கும். முதல் நெடுவரிசையில் நாளும், இரண்டாவதில் மழையளவும் உள. இத்தகைய அட்டவணையை இருபரிமாண அணி என்பர். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்யின் அது கனமழை என்பது இந்திய வானிலைத் துறையின் வரையறை. கனமழை நாள்களை மட்டும் பிரித்தெடுப்பதே நம் வினா.

இதற்கு யாம் கொள்ளும் கருவி லேப்வியூ என்பது. நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1986-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. இதிற் கட்டளைகளைச் சொற்களால் எழுதுவதில்லை. படக்குறிகளை இட்டுக் கோடுகளால் இணைப்பர். வாய்க்கால் வழி வயலுக்கு நீர் பாய்தல்போல் எண்கள் அக்கோடுகள் வழியே செல்லும். ஒரு குறிக்கு வேண்டியன யாவும் வந்தெய்திய பின்னரே அது தன் தொழிலைச் செய்யும்.

தொடக்க மாணவர் பலர், வேண்டா வரிகளைச் சுழற்சிக்குள் ஒவ்வொன்றாக நீக்க முயல்வர். ஐந்து நாள் மழை 80, 5, 0, 66, 12 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். இரண்டாம் வரியை நீக்கியவுடன் மூன்றாம் வரி அவ்விடத்திற்கு ஏறிவிடும். சுழற்சியோ அடுத்த இடத்தை நோக்கிச் செல்லும். ஆகவே சுழியுடைய வரி ஆராயப்படாமலே தப்பும். முடிவில் 80, 0, 66 என நிற்கும். மழையே பெய்யாத நாள் கனமழை நாளாயிற்று! இயந்திரம் பிழையென்று கூறாது. நாமே காணல் வேண்டும். கீழிருந்து மேலாக நீக்கின் இக்குறை நேராது.

அதனினும் சிறந்த நெறி, நீக்காது தெரிந்தெடுத்தல். அட்டவணையைச் சுழற்சியின் எல்லையில் இணைப்பின், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வரி உள்ளே வரும். அவ்வரியில் மழையளவைப் பிரித்து 64.5-உடன் ஒப்பிடுக. எண்ணிக்கை சுழியில் தொடங்குதலின், இரண்டாம் நெடுவரிசையின் எண் 1 என்பதை மறவற்க. ஒப்பீட்டின் விடையை வெளிவாயிலின் நிபந்தனை முனையில் இணைப்பின், தகுதியுடைய வரிகள் மட்டும் புதிய அட்டவணையாகத் திரளும். நிபந்தனையுடைய இவ்வாயில் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. மூல அட்டவணை சிதையாது நிற்றலால், ஐயம் எழுங்கால் மீண்டும் ஒப்புநோக்கலாம்.

இன்னுமொன்று. மழையை அளவாத நாளின் வெற்றிடம், கோப்பினின்று எண்ணாக மாற்றப்படுங்கால் சுழியாகிவிடும். அளவாமை வேறு, மழையின்மை வேறு. ஆதலின் அளந்தது, அளவாதது என்பதைத் தனி நெடுவரிசையிற் குறித்தல் நன்று. ஆற்றங்கரையில் வாழும் மக்களுக்கு ஒரு வரியின் பிழையும் சிறிதன்று. பதரை விலக்குதல் எளிது. மணி சிந்தாமற் காத்தலே கல்வியின் பயன் என்க.