சில்லுத் தட்டுப்பாடும் விலையேற்றமும்

பால் விலை ஏறுவதும் இறங்குவதும் தோட்டத்தில் வாழும் நமக்குப் புதிய செய்தியன்று. மழைக்காலம் நீண்டால் மரம் வெட்ட முடிவதில்லை. எங்கோ ஒரு நாட்டில் டயர் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தால், அதன் விளைவு சில மாதங்களில் நம் சம்பளத்தில் தெரிகிறது. இந்த உண்மையை அனுபவத்தால் அறிந்த நாம், கைப்பேசியின் விலையோ மடிக்கணினியின் விலையோ ஏறும்போது மட்டும் கடைக்காரரைக் குறை கூறிவிட்டு வீடு திரும்பிவிடுகிறோம்.

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் உள்ள கடைகளில் பிள்ளைகளின் படிப்புக்கெனக் கணினி வாங்கச் செல்லும் பெற்றோர் பலர், "சென்ற ஆண்டு சொன்ன விலை இப்போது இல்லையே!" என்று வியப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களுள் சிலர், "சில்லுகளை நம் நாட்டிலேயே செய்கிறார்களே, பிறகு ஏன் பற்றாக்குறை?" என்றும் வினவுகின்றனர். இது நல்ல வினா. இதற்குரிய விடையை இப்பாடத்தில் படிப்படியாகக் காண்போம்.

சில்லு என்பது யாது?

கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி, மோட்டார் வண்டி, சலவை இயந்திரம் ஆகிய அனைத்தினுள்ளும் விரல் நகத்தை ஒத்த சிறு பொருள்கள் உள்ளன. அவையே சில்லுகள். சில கணக்கிடுகின்றன, சில செய்திகளை நினைவில் வைத்திருக்கின்றன, சில மின்சாரத்தை அளவோடு திறந்து மூடுகின்றன.

மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சிலிக்கன் என்னும் பொருளே இவற்றிற்கு அடிப்படை. சிலிக்கனை மிகத் தூய்மையாக்கி, அப்பளம் போன்ற வட்டத் தகடுகளாக அறுக்கின்றனர். பெரிய ஆலைகளில் இத்தகட்டின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். ஒளியையும் வேதிப்பொருள்களையும் கொண்டு அதன்மீது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளை அடுக்கடுக்காகப் பதிக்கின்றனர். இதற்குப் பல நூறு படிகள் தேவை. ஒரு தகடு ஆலையினுள் நுழைந்து முழுமை பெற்று வெளிவர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. ஒரு தூசு விழுந்தாலும் சில்லு கெட்டுவிடும். நீரும் மின்சாரமும் இடைவிடாது கிடைக்க வேண்டும்.

இவ்வாறு உருவான தகட்டைத் தனித்தனிச் சில்லுகளாக வெட்டி, மெல்லிய உலோகக் கம்பிகளைப் பொருத்தி, உறையிட்டு, பழுதின்றி இயங்குகிறதா என்று சோதிப்பது இறுதிக் கட்டம். இந்த இறுதிக் கட்டத்தில்தான் நம் நாடு உலகில் முக்கிய இடம் வகிக்கிறது.

நம் நாட்டின் பங்கு

1972ஆம் ஆண்டில் பினாங்கு பாயான் லெப்பாசில் தீர்வையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் அதே ஆண்டில் அங்கு ஆலை அமைத்தது. சிலாங்கூரிலும் சுங்கை வே, உலு கிள்ளான் ஆகிய இடங்களில் அந்தப் பத்தாண்டுகளில் இத்தகைய வட்டாரங்கள் தோன்றின. தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெண்மக்கள் பலர், உளியையும் வாளியையும் விடுத்து, நுண்ணோக்கியின் முன் அமர்ந்து கம்பி பொருத்தும் வேலைக்குச் சென்றது அக்காலத்தில்தான். நிலமும் உடன் மாறியது. இன்று ஆலைகள் நிறைந்த ஷா ஆலம், ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த நிலமே.

இன்று உலகில் நடைபெறும் சில்லு உறையிடும் பணியிலும் சோதனைப் பணியிலும் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடைபெறுகிறது. நாட்டின் மொத்த ஏற்றுமதி மதிப்பில் மின், மின்னணுப் பொருள்களின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடு.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. சில்லை வரைபவர் ஒரு நாட்டினர், தகட்டில் பதிப்பவர் பெரும்பாலும் தைவானியரும் கொரியரும், மிக நுண்ணிய சில்லுகளைப் பதிப்பதற்கான ஒளி இயந்திரத்தைச் செய்வது நெதர்லாந்தின் ஒரே ஒரு நிறுவனம், உறையிடுவோர் நாம். நாம் பால் எடுக்கிறோம். டயர் வேறிடத்தில் ஆகிறது. அதைப் போலவே, நம் கைபட்ட சில்லும் பல நாடுகளைச் சுற்றிவிட்டே கைப்பேசியாக நம்மிடம் திரும்புகிறது. இந்த நீண்ட சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் முழுச் சங்கிலியும் நின்றுவிடும்.

2020 முதல் 2022 வரை நிகழ்ந்தது

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவிட் நோய் உலகெங்கும் பரவியது. கார்களை வாங்குவோர் குறைவர் என்று எண்ணிய கார் நிறுவனங்கள், தாம் கேட்டிருந்த சில்லுகளை வேண்டாவென நிறுத்தின. அதே வேளையில் வீட்டிலிருந்து வேலை செய்வோரும் படிப்போரும் பெருகினர். மடிக்கணினிகளையும் கைப்பேசிகளையும் மக்கள் போட்டியிட்டு வாங்கினர். சில்லு ஆலைகள் தம் இயந்திரங்களை அப்பொருள்களுக்கெனத் திருப்பிவிட்டன. சில மாதங்களில் கார் விற்பனை மீண்டது. கார் நிறுவனங்கள் மீண்டும் வந்து சில்லு கேட்டபோது, வரிசையில் அவற்றுக்கு இடமில்லை.

இதற்கு மேல் இயற்கையும் விபத்தும் சேர்ந்துகொண்டன. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கடுங்குளிரால் மின்சாரம் தடைப்பட்டு, பெரும் சில்லு ஆலைகள் மூடப்பட்டன. மார்ச் மாதத்தில் ஜப்பானின் ரெனேசாஸ் நிறுவன ஆலையில் தீப்பிடித்தது. அதே காலத்தில் தைவானில் அரை நூற்றாண்டு காணாத வறட்சி ஏற்பட்டு, ஆலைகளுக்கு லாரிகளில் நீர் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று.

அதன் பின்னர் நம் நாட்டின் முறை வந்தது. 2021 ஜூன் முதல் நாள் தொடங்கி நாடு முழுவதும் கடுமையான கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. மின்னணு ஆலைகள் 60 விழுக்காட்டுத் தொழிலாளர்களைக் கொண்டே இயங்க அனுமதிக்கப்பட்டன. மலாக்கா, மூவார் போன்ற இடங்களில் நோய் பரவியதால் சில ஆலைகள் நாள்கணக்கில் மூடப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில், மலேசியாவிலிருந்து வரவேண்டிய சில்லுப் பாகம் வராமையால், அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனத்தின் ஓர் ஆலை ஒரு வார காலம் வண்டி உற்பத்தியை நிறுத்தியது. அதே மாதத்தில் டொயோட்டா நிறுவனம் தன் செப்டம்பர் மாத உலக உற்பத்தியை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது. அவ்வாண்டில் உலகில் 7.7 மில்லியன் வண்டிகள் செய்யப்படாமற் போகும் என்று ஆய்வு நிறுவனம் ஒன்று மதிப்பிட்டது.

இந்த எண்களுக்குப் பின்னால் மனிதர் உளர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலையில் வேலை செய்து நோய்வாய்ப்பட்டு உயிர்நீத்தவர்கள் இருக்கின்றனர். "சில்லு வரவில்லை" என்று உலகம் முறையிட்டபோது, அச்சில்லைக் கையில் எடுத்தவர்கள் நம்மைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகளே.

அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் கிள்ளான் பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் நீரில் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதே வெள்ளம், சில்லுக்கு உறையிடும் இயந்திரங்களைச் செய்யும் ஷா ஆலம் ஆலை ஒன்றையும் நிறுத்திவிட்டது.

ஆலைகளை உடனே பெருக்கலாகாதா?

பால் விலை ஏறிவிட்டதென்று இன்று கன்று நட்டால் நாளை பால் வருமா? மரம் வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சில்லு ஆலையின் நிலையும் இதுவே. ஒரு பெரிய ஆலையை எழுப்பி இயக்கச் சில ஆண்டுகள் ஆகும். பல்லாயிரம் மில்லியன் வெள்ளி செலவாகும். அதற்குள் விலை இறங்கிவிட்டால் முதலீடு முடங்கிவிடும். ஆகவே உரிமையாளர்கள் தயங்குகின்றனர்.

தட்டுப்பாடு என்ற சொல் பரவியவுடன் நிறுவனங்கள் தேவைக்கு மேல் கேட்கத் தொடங்குகின்றன. 10 தேவைப்படுவோர் 20 கேட்கின்றனர். பொய்யான தேவை உண்மைத் தேவையைப் போலத் தோன்றுகிறது. விலை மேலும் ஏறுகிறது. பின்னர் எல்லோர் கிடங்கும் நிரம்பியதும் விலை சரிகிறது. இதனை நாம் கையுறைத் தொழிலில் கண்கூடாகக் கண்டோம். 2020இல் ரப்பர்க் கையுறை விலை பன்மடங்கு உயர்ந்தது. கிள்ளான் வட்டாரத்து ஆலைகள் இரவு பகலாக இயங்கின. 2022இல் அவ்விலை வீழ்ந்து, ஆலைகள் பல உற்பத்தியைக் குறைத்தன.

மீண்டும் ஏன் விலை ஏறுகிறது?

நினைவகச் சில்லு என்பது கணினியும் கைப்பேசியும் செய்திகளை வைத்திருக்கும் சில்லு. 2023இல் இதன் விலை வெகுவாக வீழ்ந்தது; ஆலைகள் உற்பத்தியைச் சுருக்கின. அதற்குள் செயற்கை அறிவு என்னும் புதுத் துறை வளர்ந்து, மாபெரும் கணினிக் கூடங்கள் பல நாடுகளில் எழலாயின. அவற்றிற்கு உயர்வகை நினைவகச் சில்லுகள் பேரளவில் வேண்டும். அச்சில்லுகளைச் செய்ய மிகுதியான தகடுகள் செலவாகின்றன, இலாபமும் மிகுதி.

உலகில் கணினிக்கான நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும் பகுதியைச் செய்வோர் கொரியாவின் சாம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனத்தார் மட்டுமே. தகடுகளை அவர்கள் உயர்வகைக்குத் திருப்பியதால், சாதாரண மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் உரிய சில்லு குறைந்தது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதன் விலை விரைந்து ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோன், பொதுமக்களுக்கு நேரடியாக விற்றுவந்த தன் 'குரூசியல்' வணிகத்தை விட்டுவிடுவதாக அறிவித்தது.

முன்னர்த் தட்டுப்பாட்டுக்குக் காரணம் நோயும் இயற்கையும் வணிகக் கணக்கின் பிழையுமாகும். பின்னர் வந்ததற்குக் காரணம் பெரும் பணம் படைத்தோர் முதலில் வாங்கிக்கொள்வதாகும். இரண்டிலும் வரிசையின் கடைசியில் நிற்பவர் சாதாரணக் குடும்பத்தாரே.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, தேவையையும் ஆசையையும் பிரித்தறிய வேண்டும். பிள்ளையின் பாடத்துக்குரிய கணினி தேவை. சென்ற ஆண்டு வாங்கிய கைப்பேசி நன்கு இயங்கும்போது புதியதை நாடுவது ஆசை. பழுது பார்த்துப் பயன்படுத்தக்கூடிய பொருளைத் தூக்கியெறிதல் வேண்டா.

இரண்டாவதாக, தவணைக்கு வாங்குமுன் மொத்தத் தொகையைக் கணக்கிட வேண்டும். ரொக்க விலை 1,800 ரிங்கிட் உள்ள கணினிக்கு மாதம் 110 ரிங்கிட் வீதம் 24 மாதங்கள் கட்டினால் 2,640 ரிங்கிட் ஆகிறது. மிகுதியாகச் செல்லும் 840 ரிங்கிட்டைச் சம்பாதிக்க எத்தனை நாள் மரம் வெட்ட வேண்டும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்றாவதாக, பற்றுச்சீட்டையும் உத்தரவாதச் சீட்டையும் கேட்டுப் பெற்று வைத்திருக்க வேண்டும். பழுதான பொருளை விற்றுவிட்டுக் கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி வழக்குத் தொடரலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் வேண்டியதில்லை.

நான்காவதாக, நம் பிள்ளைகள் இத்தொழிலின் மேற்படிகளுக்குச் செல்ல வழிதேட வேண்டும். 2024 மே மாதத்தில் அரசாங்கம் தேசியக் குறைக்கடத்தி வியூகத் திட்டத்தை அறிவித்தது. உறையிடுவதோடு நில்லாமல் சில்லை வரையும் பணியிலும் நாடு இறங்க வேண்டும் என்பதும், 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவித்து உருவாக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் அடங்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் சிலாங்கூர் பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா திறக்கப்பட்டது. நம் தாய்மார்கள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து கம்பி பொருத்தினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அச்சில்லை வரையும் மேசையில் அமர வேண்டுமானால், கணிதமும் அறிவியலும் இன்றே ஊன்றிக் கற்பிக்கப்படல் வேண்டும். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் தொழில்நுட்பப் பயிற்சிக் கல்லூரிகளுக்கு மனுச் செய்யத் தோட்டப் பெற்றோர் தயங்கலாகாது.

விலை ஏறியதற்குரிய காரணத்தை அறிவதால் விலை குறைந்துவிடாது. ஆயினும் காரணம் அறிந்தவர் பதறி வாங்கமாட்டார், ஏமாறவும் மாட்டார். கடைக்காரர் சொல்லும் விலை நியாயமா, பிறர் துன்பத்தைப் பயன்படுத்திக் கூட்டிய விலையா என்பதைக் கேட்டறியும் துணிவும் அவருக்கு உண்டாகும்.

கலந்துரையாட வினாக்கள்

1. ரப்பர் மரம் வெட்டுக்கு வரும் காலத்தையும் சில்லு ஆலை எழும் காலத்தையும் ஒப்பிட்டு, விலை ஏன் உடனே இறங்குவதில்லை என்பதை விளக்குக.

2. 2021இல் மலேசிய ஆலைகள் நின்றபோது அமெரிக்கக் கார் ஆலை ஏன் நின்றது?

3. உங்கள் வீட்டில் கடந்த ஓராண்டில் வாங்கிய மின்னணுப் பொருள்கள் எவை? அவற்றுள் தேவைக்கு வாங்கியவை எத்தனை? தவணைக்கு வாங்கியவற்றின் மொத்தத் தொகையைக் குடும்பத்தார் சேர்ந்து கணக்கிடுக.