வீட்டில்தானே இருக்கிறாய்!

மயூர் விஹார், ஆர்.கே. புரம், துவாரகா என்று டெல்லியில் தமிழர்கள் இருக்கும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இட்லி மாவோ முறுக்கோ பொடியோ விற்கும் பெண் ஒருவராவது இருப்பார். அவருக்குக் குழந்தை பிறந்துவிட்டால் ஆர்டரைவிட அறிவுரை அதிகம் வரும். அதில் பாதி தவறு.

நம்பிக்கை: குழந்தை தூங்கும்போது வேலையை முடித்துவிடலாம்.

பிறந்த குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்பது சரிதான். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகத்தான் தூங்கும்; இரவு பகல் பேதமும் கிடையாது. ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தடவைக்கு அரை மணி என்று வைத்தாலும் அதற்கே 4 முதல் 6 மணி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில் பச்சை உடம்புக்காரி தானும் கொஞ்சம் கண்ணயர வேண்டாமா?

ஆகவே எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதைவிட, எந்த வேலையைப் பாதியில் விடலாம் என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். பாக்கெட் போடுவது, கணக்கு எழுதுவது, ஆர்டருக்குப் பதில் சொல்வது எல்லாம் அழுகுரல் கேட்டால் போட்டது போட்டபடி எழுந்துவிடக்கூடிய வேலைகள். காய்ந்த எண்ணெயில் முறுக்கைப் பிழிந்துவிட்டு எழுந்து போக முடியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பது பற்றி யோசிக்கவே கூடாது. போதாக்குறைக்கு, தீபாவளி ஆர்டர் குவிகிற நேரத்தில்தான் டெல்லிக் காற்றும் கெடுகிறது. வெளிப்புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால் எண்ணெய்ப் புகையும் மிளகாய் வறுக்கும் நெடியும் வீட்டுக்குள்ளேயே சுற்றும். முதல் தீபாவளிக்கு மாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

நம்பிக்கை: ஆயா வைத்தால் லாபமெல்லாம் அவளுக்கே போய்விடும்.

ஆயா இல்லாத வீட்டில் குழந்தையை யார் பார்க்கிறார்கள்? ஊரிலிருந்து வந்த பாட்டி. அவருக்குச் சம்பளம் கிடையாது என்பதால் அந்தச் செலவு கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். பாட்டி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிய மறுநாள் உண்மையான லாபம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதில் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். மாவின் விலையை நிர்ணயிக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் கூலியையும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள், அது பாட்டியாக இருந்தாலும் சரி. விலை கட்டுப்படியாகவில்லையென்றால் ஆர்டரைக் குறைப்பதா, விலையை ஏற்றுவதா என்பதையாவது கண்ணைத் திறந்துகொண்டு முடிவு செய்யலாம். வீட்டுக்காரர் அந்த 97 நிமிடத்தைக் கொஞ்சம் நீட்டினாலும் செலவு குறையும்.

நம்பிக்கை: கறந்து வைத்த தாய்ப்பால் ஆகாது.

ஆகும். 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், குளிர்பதனப் பெட்டிக்குள் 4 நாள் வரை தாங்கும். டெல்லியின் மே, ஜூன் மாதங்களில் அறை வெப்பத்தை நம்ப வேண்டாம். கறந்தவுடன் உள்ளே வைத்துவிடுங்கள். புட்டியும் தேவையில்லை, நம் ஊர்ப் பாலாடையில் புகட்டலாம்.

நம்பிக்கை: கைமாறினால் ருசி மாறிவிடும்.

1959இல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியது லிஜ்ஜத் அப்பளம். மாவு பிசைவது பொது இடத்தில். பெண்கள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் இட்டு, காயவைத்துக் கொண்டுவருவார்கள். தரம் பார்த்துக் கூலி. ருசியைத் தீர்மானிக்கிற வேலை ஒரே இடத்தில் இருந்தது, நிறுத்தி நிறுத்திச் செய்யக்கூடிய வேலை வீட்டுக்குப் போனது. பிள்ளை பெற்றவர் இதைத் திருப்பிப் போடலாம்: அளவும் பக்குவமும் தன்னிடம், கிரைண்டர் பக்கத்து வீட்டில்.

நம்பிக்கை: பேறுகால உதவி எல்லாம் வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான்.

2017இல் வந்த 26 வார ஊதிய விடுப்பு சம்பளக்காரர்களுக்கு என்பது உண்மை. ஆனால் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்துக்கு முதலாளி தேவையில்லை. முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் குறைவு என்பது தகுதிகளில் ஒன்று. பெரிய தொகை இல்லைதான். ஆனால் வீட்டுத் தொழில் செய்பவர் விடக்கூடாத தொகை. விண்ணப்பம் அங்கன்வாடி வழியாகப் போகும். போகிற போக்கில், 'பால்னா' திட்டத்துக் காப்பகம் அருகில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள். அங்கே ஆறு மாதம் முடிந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வார்கள்.