நோட்டரிகிட்ட ஓடுறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளுங்க

நோட்டரி முத்திரை விழுந்துட்டா எந்தப் பேப்பரும் பக்கா ஆயிடும்னு பாதிப் பேர் நம்புறீங்க. அங்கதான் எனக்குக் கோபம் வருது. பிரமாணப் பத்திரத்துல அந்த முத்திரைக்கு அர்த்தம் இவ்வளவுதான்: இந்த ஆள் என் முன்னாடி வந்து, சத்தியம் பண்ணி, கையெழுத்துப் போட்டார். உள்ளே எழுதினது உண்மையான்னு நோட்டரி விசாரிக்கப் போறதில்லை. பொய் எழுதினா மாட்டுறது நீங்கதான், அவர் இல்லை.

1. முதல்ல, நோட்டரி தேவையா? பாஸ்போர்ட்டுக்கான உறுதிமொழிகளை 2016 டிசம்பர்ல இருந்து வெள்ளைத்தாள்ல நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். உயிலுக்கு ரெண்டு சாட்சி வேணும், நோட்டரியும் வேண்டாம், முத்திரைத்தாளும் வேண்டாம். புரோநோட்டுக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினா ஆச்சு. கேக்குற ஆபீஸ்ல "நோட்டரி கட்டாயமா, எத்தனை ரூபாய் பத்திரத்துல வேணும்?"னு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கிளம்புங்க. பாதி அலைச்சல் மிச்சம்.

2. அவர் செய்யக்கூடிய வேலைகள் 1952-ஆம் வருஷ நோட்டரி சட்டத்துல இருக்கு: பிரமாணப் பத்திரம், ஒரிஜினலோட ஒப்பிட்டு நகல் சான்று, பவர் பத்திரத்துக்குச் சான்றொப்பம், மொழிபெயர்ப்புச் சான்று, பணம் வராமப் போன உண்டியல் சீட்டைப் பதிஞ்சு வைக்கிறது. கப்பல் கடன் பத்திரம்கூட உண்டு. நமக்கு அது எதுக்கு, விடுங்க.

3. செய்ய முடியாததைத்தான் மனசுல வைங்க. நூறு ரூபாயும் அதுக்கு மேலயும் மதிப்புள்ள வீடு, நிலத்தை விக்கிற பத்திரம் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவாகணும். "நோட்டரி பண்ணிட்டோம், அப்புறமா ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்"னு புரோக்கர் சொன்னா முன்பணத்தைக் கையை விட்டு விடாதீங்க. வாடகை ஒப்பந்தமும் அப்படித்தான். தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த சட்டப்படி அதை வாடகை அதிகாரிகிட்ட பதியணும். கல்யாணம், விவாகரத்து ரெண்டையும் நோட்டரி நடத்தி வைக்க முடியாது. பத்திரத்துல எழுதிப் பிரிஞ்சுட்டோம்னு சொல்லி இன்னொரு கல்யாணத்துக்கு நிக்கிற தம்பிகளே, முதல் கல்யாணம் இன்னும் அப்படியேதான் இருக்கு!

4. நேர்ல போங்க. வீட்டுலயே கையெழுத்துப் போட்டுட்டுப் போகாதீங்க, அவர் கண்ணு முன்னாடி போடுங்க. ஆதார் மாதிரி போட்டோ உள்ள ஒரிஜினல் அடையாள அட்டை கையில இருக்கட்டும். "ஆள் வரத் தேவையில்லை, பேப்பரைக் குடுத்துட்டுப் போங்க"ன்னு சொல்றவர் எவ்வளவு மலிவா செஞ்சு குடுத்தாலும் வேண்டாம். நாளைக்குக் கோர்ட்டுல அந்தப் பேப்பர் நிக்காது.

5. ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கறாரான்னு பாருங்க. ஒவ்வொரு நோட்டரியும் பதிவேடு வெச்சிருக்கணும்னு விதி. பத்து வருஷம் கழிச்சு "இது என் கையெழுத்தே இல்லை"ன்னு எதிராளி மாறிப் பேசினா, உங்களைக் காப்பாத்துறது அந்தப் பதிவேடுதான். அவசரத்துல எல்லாரும் விடுறது இதைத்தான்.

6. காலி இடம் விடாதீங்க. கோடு போட்டு அடிச்சுடுங்க. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, திருத்தின இடத்துல சுருக்கொப்பம். முன்தேதி போட்டுத் தரச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தாதீங்க.

7. அம்மா, மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாதா? டைப் அடிச்சதைத் தமிழ்ல படிச்சுக் காட்டச் சொல்லுங்க. படிச்சு விளக்கின விவரம் பத்திரத்துலயும் எழுதியிருக்கணும். "சும்மா ஒரு கைநாட்டு"ன்னு வாங்கின பவர் பத்திரத்தால வீட்டை இழந்தவங்க கதை ஊருக்கு ஊர் இருக்கு.

8. வெளிநாட்டுக்கு அனுப்புற பேப்பர்னா நோட்டரி முத்திரையோட வேலை முடியாது. பெரும்பாலும் வெளிநாட்டுல செல்லுபடியாகுறதுக்கான அப்போஸ்டில் முத்திரையும் கேப்பாங்க. எந்த நாடு, என்ன கேக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிங்க.

9. கட்டண விவரத்தை ஆபீஸ்ல ஒட்டி வைக்கணும், வாங்கின பணத்துக்கு ரசீது தரணும். ரெண்டும் விதியில இருக்கு. கூச்சப்படாம கேளுங்க.

வெளியே வந்ததும் வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பத்திரத்தைப் பிரிச்சு, முத்திரை, தேதி, பதிவேட்டு எண், நோட்டரி பேர் எல்லாம் தெளிவா விழுந்திருக்கான்னு பாருங்க. இல்லைன்னா உடனே திரும்பிப் போய் சரி பண்ணிட்டு வாங்க.