சுவிட்சை அணைத்தால் போதுமா?

கேள்வி: இடி இடிக்கும்போது டிவி சுவிட்சை அணைத்தால் போதாதா? பிளக்கையும் பிடுங்க வேண்டுமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: போதாதும்மா. பாகூரில் எங்கள் வீட்டிலும் அணைத்துத்தான் வைத்திருந்தோம். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கொல்லைத் தென்னையில் இடி விழுந்தது. குருத்து கருகியது. டிவியும் செட்டாப் பாக்ஸும் போயின. பிளக் பாயின்ட்டைச் சுற்றிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்கு, சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி எம்மாத்திரம்?

வானம் இருட்டும்போதே பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கியபின் தொடவே வேண்டாம். குழாயடியில் பாத்திரம் கழுவுவதும் ஆகாது. கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் பொறுங்கள். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது, பயப்படாதீர்கள். மூச்சில்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். பக்கத்தில் இருப்பவரை 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.